புயலுக்கு மொழியில்லை, எச்சரிக்கைக்கு உண்டு!

மலையடிவாரத்தில் இருந்துகொண்டு அலைகடலைப் பற்றிப் பேச வந்துவிட்டீர்களே, இஃது என்ன விந்தை என்று எம்மைக் கேட்போர் இருக்கலாம். கேட்கட்டும். உக்குவளையில் மிளகுக் கொடி உண்டு, வயல் உண்டு, மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை உண்டு, கடல் இல்லை. ஆயினும், கடலுக்குச் செல்லும் நீர் உண்டு. மகாவலியைப் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து, சுமார் எட்டுக் கிலோமீற்றர் சுரங்க வழியாக நம்மூருக்கு இறக்கி, 1976ஆம் ஆண்டு முதல் இங்கே மின்சாரம் எடுக்கின்றார்கள். அந்த நீர் சுதுகங்கையில் விழுந்து, அம்பன்கங்கையைச் சேர்ந்து, ஒரு பகுதி போவத்தென்னையில் வடதிசை திரும்ப, எஞ்சியது மீண்டும் மகாவலியோடு கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலைக் காண்கின்றது. அக்கரையிற் பிடித்த மீனும் உலர்த்திய கருவாடும் தம்புள்ளை வழியாக ஏறி நமது சந்தைக்கு வருகின்றன. நீர் இறங்குகின்றது, மீன் ஏறுகின்றது. இடையிலே நிற்கும் நாம் கடலைப் பற்றிப் பேசாதிருப்பது எங்ஙனம்?

இன்னொரு காரணமும் உண்டு. அது கசப்பானது. 2025 நவம்பர் 28ஆம் நாள் டித்வாப் புயல் நாட்டின் கிழக்குக் கரையை ஏறியது. யேமன் நாட்டின் சொக்கோத்திராத் தீவிலுள்ள ஒரு கடல்நீரேரியின் பெயரைத் தாங்கி வந்த அப்புயல், கரையோடு நிற்கவில்லை. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என மலைமாவட்டங்களிலே மண்ணைச் சரித்து வீடுகளை மூடியது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மலையிற் பெய்த மழை ஆற்றோடு இறங்கிச் சென்று கிழக்கே மாவிலாற்று அணைக்கரையையும் உடைத்தது. கடலிலே பிறந்த காற்று மலையிலே குடிகொண்டவனைக் கொன்றது. கடற்றொழிலாளன் வானத்தைப் பார்த்து வாழ்பவன், நாம் பூமியைப் பார்த்து வாழ்பவர்கள் என்ற பழைய எண்ணம் அன்றோடு தகர்ந்தது.

அந்நாட்களில் அரசின் எச்சரிக்கைகள் தமிழிலே தாமதித்து வந்தன, சில வேளைகளில் வரவேயில்லை என்ற குறை பகிரங்கமாக எழுந்தது. மலையக மக்கள் அப்பொழுதுதான் அதனைக் கண்டு திடுக்கிட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் வள்ளம் தள்ளுகின்ற மக்களோ திடுக்கிடவில்லை. அவர்களுக்கு அது பழகிய நோய்.

மூன்று கணக்குகள்

கடலுக்குச் செல்லுதல் என்பது விடிந்ததும் வலையைத் தோளிற் போட்டுக்கொண்டு கிளம்புதல் அன்று. பெரும்போகத்துக்கு நாற்றங்கால் போடும் உழவன் மழையையும் குளத்தையும் நாளையும் எண்ணிப் பார்ப்பதுபோலவே, கடற்றொழிலாளனும் மூன்று கணக்குகளைக் கூட்டிப் பார்த்த பின்னரே வள்ளத்தைத் தள்ளுகின்றான். நீர், நிலவு, காற்று ஆகியவையே அம்மூன்று.

முதலாவது நீர்க்கணக்கு. நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். நமது தீவைச் சுற்றி இந்த ஏற்றமும் வற்றும் ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆதலின் திறந்த கடலிலே அதன் செல்வாக்குச் சிறிது. ஆனால், யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் மட்டக்களப்பு வாவியிலும் அதுவே எசமான். களங்கட்டி வலையும் சிறகுவலையும் நட்டு வைத்தவன், ஏறும் நீரோடு மீன் உள்ளே வருவதையும் வற்றும் நீரோடு திரும்பும்போது அகப்படுவதையும் நம்பியே சீவிக்கின்றான். முகத்துவாரத்தைக் கடக்கின்றவனுக்கோ அது உயிர்க்கணக்கு. வற்றுநீர் வெளியே பாயும் வேளையில் கடற்காற்று எதிரே மோதினால், அவ்விடத்தில் அலை செங்குத்தாக எழுந்து சிறு வள்ளத்தைக் கவிழ்த்துவிடும். ஒருமணி நேரம் பொறுத்திருந்தவன் பிழைப்பான்.

இரண்டாவது நிலவுக்கணக்கு. அமாவாசையிலும் பறுவத்திலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் பெரிது, வற்றும் பெரிது. அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் செங்கோணத்தில் நின்று இழுப்பதால் நீர் சோம்பிக் கிடக்கும். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தின் பன்னிரண்டு பாகைப் பிரிவேயன்றி வேறில்லை. ஆகவே, கரையோரத்துக் கிழவன் பஞ்சாங்கத்தில் திதி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று நகைக்கும் கற்றோர் தம் அறியாமையையே நகைக்கின்றனர். கலியாணத்துக்குத் திதி பார்ப்பது நம்பிக்கையாகலாம். களப்புக்குத் திதி பார்ப்பது கணிதம். இதனோடு வெளிச்சமும் சேர்கின்றது. நிலவு எறிக்கும் இரவில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியும். கூட்டமும் கலைந்து கிடக்கும். இருட்டுக் காலத்திலேதான் இரவு வலைக்கு மீன் நிறையப் படும். ஆகவே, மாதத்தின் வருவாயிற் பெரும்பங்கு அந்த இருட்டு நாட்களிலேயே தேட வேண்டியதாகின்றது.

மூன்றாவது காற்றுக்கணக்கு. வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று நம் முன்னோர் காற்றுக்குப் பெயரிட்டது அழகுக்காக அன்று. வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை, தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். எந்தக் காற்றுக்கு எந்தக் கரை ஒதுக்கிடம், எந்தக் காற்றில் எந்த மீன் கிட்ட வரும் என்பதெல்லாம் இந்த நான்கு சொற்களுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

இந்த மூன்று கணக்குகளும் ஒருங்கு பொருந்தும் நாளே தொழில்நாள். அது பிழைத்தால் என்ன ஆகும்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்டதை நாம் மறக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை வள்ளத்திற் பூட்டியவனுக்கு, வெறுங்கையோடு திரும்பும் ஒருநாள் ஒரு கிழமைக் கடனாக மாறிவிட்டது. கணக்கிட்டே கடலேற வேண்டும் என்பது இன்று முன்னெப்போதினும் பெரிய தேவை.

திதி சொல்லாத செய்தி

முதலிரண்டு கணக்குகளை மீனவன் தானே போடுவான். அதற்கு அவன் எவர் தயவையும் நாடவில்லை. மூன்றாவதிலும் பாதியை அவனே அறிவான். பருவக் காற்றை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், அடிவானத்துக்கு அப்பால் நூறு கடல்மைல் தொலைவிலே தாழமுக்கம் ஒன்று திரள்வதை அவன் கண் காணாது. செய்மதி காணும், கணினி கணிக்கும், வளிமண்டலவியல் திணைக்களம் அறியும். மக்களின் வரிப்பணத்திலே பெற்ற அறிவு அது. அதனை அவனுக்கு ஈதல் தருமம் அன்று, கடன்.

அக்கடன் எங்ஙனம் தீர்க்கப்பட்டிருக்கின்றது? 2011 நவம்பர் 25ஆம் நாள் தென்கரையில் வெலிகமம், மாத்தறைப் பக்கங்களிலே திடீரெனக் கடுங்காற்று அடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2013 ஜூன் 8ஆம் நாள் மேற்கு, தெற்குக் கரைகளிலே மீண்டும் அடித்தது. கடலுக்குச் சென்றவருள் நாற்பதுக்கு மேற்பட்டோர் பிணமாயினர். தக்க முன்னெச்சரிக்கை எமக்குக் கிட்டவில்லை என்பதே இரு தடவையும் கரையிலெழுந்த ஓலம். மாண்டவர்களிற் பெரும்பாலோர் சிங்கள மீனவர் என்பதை நாம் மறைக்கவில்லை, மறைக்கவும் மாட்டோம். ஏழையின் உயிரை எண்ணாத ஆட்சி இனம் பார்த்து எண்ணாதிருப்பதில்லை. தமிழ் பேசும் ஏழைக்கு மொழியும் தடையாக வந்து நிற்கின்றது. அவ்வளவே வேறுபாடு.

இந்த இரு நாட்களையும் வைத்து நாம் பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். 2011 நவம்பர் 25 அமாவாசை. 2013 ஜூன் 8 அமாவாசை. அன்பர்களே, இதன் பொருளைச் சிந்தியுங்கள்! அமாவாசை காற்றை அழைத்தது என்று நாம் கூறவில்லை. நிலவு புயலைப் பெறுவதில்லை. ஆனால், அமாவாசை மீனவனைக் கடலுக்கு அழைக்கின்றது. இருட்டு நாட்கள் அவன் விரும்பிக் கடலேறும் நாட்கள். அந்த நாட்களில் வரும் காற்றுக்கே பலி மிகுதியாகும் என்பதை அறிய விஞ்ஞானி வேண்டியதில்லை. மீனவனின் மனைவி அறிவாள். எந்த இரவில் கடலிலே ஆள் மிகுதி என்று எண்ணிப்பாராத எச்சரிக்கை, தெருவில் ஆளில்லாத வேளையில் அடிக்கும் பறை போன்றது.

மறுபுறம் டித்வாவைப் பாருங்கள். 2025 நவம்பர் 28 வளர்பிறை அட்டமி. நீர்க்கணக்கின்படி கடல் சோம்பிக் கிடக்க வேண்டிய நாள். திதியை மட்டும் நம்பியவனுக்கு அன்று அபாயம் தெரியவே தெரியாது. பழைய அறிவு போதும் என்பாருக்கும் பழைய அறிவு வேண்டாம் என்பாருக்கும் இந்த மூன்று நாட்களுமே விடை. நிலவையும் காற்றையும் சேர்த்துப் படிப்பவனே பிழைப்பான். நிலவை அவன் படிப்பான். காற்றை அவனுக்குப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் எங்கே?

சட்டம் என்ன சொல்கின்றது?

சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்லுவோம். தமிழில் எச்சரிக்கை கேட்பது சலுகை கேட்பதன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணையேற்றியது. அந்நாளில் கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சி பெறாமையால் சம்பள உயர்வை இழந்து, வழக்காடி, இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றார். 1969இல் அம்மன்று, அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று தீர்த்தது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற பெருங்கேள்வியைத் தீர்க்காமல் திருப்பியனுப்பியது. அது ஒருவரின் சம்பளப் பிரச்சினை. இன்று நாம் பேசுவது உயிர்ப் பிரச்சினை.

அந்நிலை ஏட்டளவில் மாறிவிட்டது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி தமிழிலே அரசோடு தொடர்புகொள்ளவும் தமிழிலே மறுமொழி பெறவும் நமக்கு உரித்துண்டு. ஆழிப்பேரலை அழிவுக்குப் பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. சட்டம் உண்டு, நிலையம் உண்டு, உத்தியோகத்தர் உண்டு. இல்லாதது எது? புயல் வரும் இரவிலே, அதே நிமிடத்திலே, தமிழ் வாக்கியம் ஒன்று. நாற்பது ஆண்டுகளை நெருங்கியும் அந்த ஒரு வாக்கியத்தை எழுத ஆளில்லை என்றால், இஃது ஆளில்லாக் குறையா, மனமில்லாக் குறையா?

தமிழில் வரும்போதும் அது எவ்வாறு வருகின்றது? சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வரை அதிகரிக்கக்கூடும் என்பது நாம் அன்றாடம் கேட்கும் வாய்பாடு. சிலாபமும் காங்கேசன்துறையும் ஒரே துறையா? பேசாலைக்காரன் தன் கரைக்குக் காற்று எந்த மணிக்கு எட்டும் என்று இதிலிருந்து எவ்வாறு அறிவான்? மாத்தளை முதல் மட்டக்களப்பு வரை எங்கேனும் மழை பெய்யக்கூடும் என்று சொன்னால் நமது உழவன் நெல்லைக் காயப்போடுவானா, அள்ளுவானா? பொய்யில்லாத செய்தியும் பயனில்லாத செய்தியாகலாம். ஒவ்வொரு நாளும் ஒரே வாய்பாட்டைக் கேட்டுக் கேட்டு, உண்மையான அபாயம் வரும் நாளிலும் காது மரத்துப்போகின்றது.

சாட்டுகளும் விடைகளும்

வானிலை நிச்சயமில்லாதது, பிழைத்தால் எம்மைத் திட்டுவீர்கள் என்பது அதிகாரிகளின் சாட்டு. நிச்சயமில்லாமையைச் சொல்லுங்கள் என்கின்றோம். கடலோடிக்கு நிச்சயமின்மை புதிதன்று. அவன் வாழ்வே அதுதான். அவனுக்குப் பொறுக்க முடியாதது மௌனம்.

கைத்தொலைபேசி இருக்கின்றதே, மொழிபெயர்க்கும் கருவி இருக்கின்றதே என்பது அடுத்த சாட்டு. கரையைவிட்டுச் சில மைல் சென்றதும் தொலைபேசி ஊமையாகின்றது. கருவி செய்யும் மொழிபெயர்ப்போ, எச்சரிக்கை எது, அறிவுரை எது, ஆணை எது என்ற வேறுபாட்டைக் குழப்பிவிடும். போகலாம் என்பதற்கும் போகாதே என்பதற்கும் இடையில் உள்ளது ஓரெழுத்தாகலாம். அதற்குள்ளே ஓருயிர் இருக்கின்றது.

தமிழிலே வந்தால் மட்டும் எல்லாம் ஆகிவிடுமா என்று கேட்பாரும் உண்டு. ஆகாது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது, தமிழே ஆட்சிமொழியான மாநிலத்திலும் எச்சரிக்கை பிந்திவிட்டது. பலநாட் தொழிலுக்கு ஆழ்கடல் சென்றிருந்தவர்களை அது எட்டவே இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். மொழி மட்டும் போதாது, நேரமும் வேண்டும், தூரமும் எட்ட வேண்டும் என்பதே அங்கு கற்ற பாடம். ஆனால், அங்கே 1999இல் ஐதராபாத்தில் நிறுவிய கடல்சார் தகவல் நிலையம் மீன் கூடும் இடத்தையும் அலையின் உயரத்தையும் அந்தந்த மாநில மொழியிலே கரைக்கு அனுப்புகின்றது. அயலில் இயல்வது இங்கே ஏன் இயலாது?

நாம் கேட்பது என்ன?

முதலாவது, கடல் எச்சரிக்கை ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் வெளிவருதல் வேண்டும். ஒன்றை எழுதி முடித்துவிட்டு மற்றதை நாளை மொழிபெயர்ப்போம் என்ற வழக்கம் ஒழிதல் வேண்டும். தமிழறிந்த வானிலை உத்தியோகத்தர் இரவும் பகலும் கடமையில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எச்சரிக்கை துறைவாரியாக வருதல் வேண்டும். எந்தக் காற்று, எத்தனை மணிக்கு, எந்தத் துறைக்கு, முகத்துவாரம் அப்பொழுது ஏறுநீரா வற்றுநீரா என்பவை அதிலே இருத்தல் வேண்டும். வாடையென்றும் சோழகமென்றும் மக்கள் அறிந்த சொல்லிலே அது பேசுதல் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வோர் ஆண்டும் அமாவாசை, பறுவம், அட்டமி, ஏறுநீர், வற்றுநீர் நேரங்கள் கொண்ட நாட்காட்டியைத் தமிழில் அச்சிட்டுக் கடற்றொழிலாளர் சங்கந்தோறும் கொடுத்தல் வேண்டும். இருட்டு நாட்களிலே வானிலைக் காவல் இருமடங்காதல் வேண்டும்.

நான்காவது, கடலிலே நிற்பவனை எட்டும் வானொலித் தொடர்பு சிறு வள்ளங்களுக்கும் கிடைத்தல் வேண்டும். முகத்துவாரங்களிலும் துறைகளிலும் கொடியும் விளக்கும் ஏற்றும் பழைய முறையும் புத்துயிர் பெறுதல் வேண்டும். கொடிக்கு மின்கலம் வேண்டியதில்லை.

ஐந்தாவது, கடலுக்குப் போகாதே என்று அரசு ஆணையிடும் நாளுக்கு அன்றைய அடுப்பெரிய உதவித்தொகை தருதல் வேண்டும். இதனை மிகையென்று எண்ணாதீர்கள். பசித்த வயிறு எந்த மொழியில் எழுதிய எச்சரிக்கையையும் படிக்காது. அமாவாசை இருட்டிலே பத்து நாள் உழைத்து மாதக் கடன் அடைப்பவனை மூன்று நாள் கரையில் இருத்தினால், நான்காம் நாள் அவன் புயலையும் மதியாது போவான். அவனைப் பேராசைக்காரன் என்பது அநீதி.

நமது கடமை

ஆட்சியாளரை மட்டும் குறைகூறி நாம் கைகழுவிக்கொள்ளப் போவதில்லை. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, மருத்துவர்களே! எச்சரிக்கை தமிழில் வாராத நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுத்திலே முறையிடுங்கள். கூட்டத்திற் கொட்டும் கண்ணீர் காய்ந்துவிடும். கோவையிற் சேர்ந்த கடிதம் காயாது. உழவர்களே! மலைச்சரிவு எச்சரிக்கையும் கடற்காற்று எச்சரிக்கையும் ஒரே ஊற்றிலிருந்து வருவன. அங்கே வள்ளக்காரன் வெல்லும் உரிமை இங்கே உங்கள் பிள்ளையின் கூரையைக் காக்கும். கமக்காரர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே மனுவிலே கையொப்பமிடும் நாளை நாம் காண விரும்புகின்றோம். அந்த மனுவிலே தென்கரைச் சிங்கள மீனவனின் கையொப்பமும் இருக்குமாயின், அதனை ஒதுக்கித் தள்ளும் துணிவு எந்த அமைச்சருக்கும் வாராது.

இந்த வரிகளை எழுதும்போது உக்குவளை மின்நிலையத்தைக் கடந்த நீர் சுதுகங்கையிலே இறங்கிக்கொண்டிருக்கின்றது. கொட்டியாரக் குடாவை அது காணும்போது, அங்கே ஒருவன் வள்ளத்தின் அணியத்திலே கைவைத்து நிலவைப் பார்ப்பான், நீரைப் பார்ப்பான், பின்னர் கரையைத் திரும்பிப் பார்ப்பான். முதலிரண்டும் அவனுக்கு விடை சொல்லிவிட்டன. கரை என்ன சொல்லப் போகின்றது? எந்த மொழியிற் சொல்லப் போகின்றது? ஆட்சியாளர் பதில் கூறட்டும். கூறும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.